குதிரை கேட்ட வாத்தியம்

என் சித்தியை வீட்டிலும் ‘புள்ளி’ என்றுதான் கூப்பிடுவார்கள், வேலை செய்யும் இடத்திலும் ‘புள்ளி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அருங்காட்சியகத்துக்கு வந்து சேரும் பழம்பொருள்களை வரைந்து வைப்பது அவளுடைய வேலை. உடைந்த பானை, துருப்பிடித்த கத்தி, மூக்குப் போன சிலை, எது வந்தாலும் முதலில் அவள் மேசைக்குத்தான் போகும். ஒரு போட்டோ எடுத்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போட்டோவில் நிழல் ஏமாற்றும் என்பாள் சித்தி. மேட்டையும் பள்ளத்தையும் மெல்லிய பேனாவால் புள்ளி புள்ளியாக வைத்துக் காட்ட வேண்டும். பள்ளத்தில் புள்ளிகள் நெருக்கியடித்து நிற்கும், மேட்டில் விலகி நிற்கும். ஒரு சட்டியின் விளிம்பை முடிப்பதற்குள் நமக்கு ஒரு தூக்கம் போட்டு எழுந்த மாதிரி இருக்கும். அவளுக்கு அலுக்கவே அலுக்காது.

“எங்க வீட்டுலயும் ஒரு பெரிய புள்ளி இருக்கா” என்று அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக் கொள்வாள். சொல்லி முடித்த கையோடு, “அந்தப் புள்ளிக்குப் பக்கத்துல வைக்க இன்னொரு புள்ளிதான் கெடைக்க மாட்டேங்குது” என்று பெருமூச்சும் விடுவாள். சித்திக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. எங்களோடுதான் இருந்தாள். வரன் பார்த்துப் பார்த்து அம்மாவின் செருப்புத்தான் தேய்ந்ததே தவிர, சித்தி அதைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அவளுக்கு இருந்த ஒரே மனக்குறை வேறு. சின்ன வயதில் பாட்டு வகுப்பில் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்த பாட்டு டீச்சர், “பாப்பா, உனக்குக் கண்ணு நல்லா இருக்கு, கை நல்லா இருக்கு. காதுதான் இல்ல” என்று சொல்லி அனுப்பிவிட்டார். சித்தி வீட்டுக்கு ஓடிவந்து கண்ணாடியில் இரண்டு காதும் இருக்கிறதா என்று பார்த்தாளாம். இதை அம்மா சொல்லும்போது எல்லோரும் சிரிப்போம், சித்தியும் சிரிப்பாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் வாய்க்குள்கூட ஒரு பாட்டை முனகியதில்லை.

இந்த நேரத்தில்தான் அந்தக் கல் வந்தது.

ஊருக்கு வெளியே ஒரு பழைய கட்டடத்தைப் பழுது பார்த்தபோது, படிக்கல்லாகக் கவிழ்ந்து கிடந்த ஒரு பலகைக் கல்லைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். அடிப்பக்கத்தில் வரிசையாக வாத்தியக்காரர்கள். ஒருவன் முரசு அடிக்கிறான், ஒருவன் குழல் ஊதுகிறான், ஒருத்தி தாளம் தட்டுகிறாள். கடைசியில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். பேரிக்காயைப் பாதியாகப் பிளந்தது போன்ற ஒன்று அவன் தொடைமேல் நிற்கிறது. வலக்கையில் வில். வேட்டைக்காரன் வில்லைப் போலவே நன்றாக வளைந்த வில்.

அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் அம்மாள் அந்தக் கல்லைப் பார்த்ததும் கைதட்டியேவிட்டார். பெரிய படிப்புப் படித்தவர், ஆனால் சந்தோஷம் வந்தால் சின்னப் பிள்ளைதான்.

“இங்க பாரு புள்ளி! அடிக்கறது, ஊதறது, விரலால மீட்டறது எல்லாம் மனுஷன் எப்பவோ கண்டுபிடிச்சிட்டான். வில்லால இழுத்து வாசிக்கறது மட்டும் ரொம்ப லேட். ஆயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னாடிதான். குதிரை வளர்த்த புல்வெளிக்காரங்ககிட்ட இருந்து கிளம்பி ஊர் ஊராப் பரவியிருக்கணும்னு சொல்றாங்க. அந்தக் காலத்து வாத்தியம் ஒண்ணும் முழுசா மிஞ்சல. மரம் உளுத்துடும், நரம்பு அறுந்துடும், முடியைப் பூச்சி தின்னுடும். நமக்குக் கெடைக்கறது இந்த மாதிரி சிற்பமும் படமும்தான். இவனை நீ விடாம வரையணும்.”

சித்தி விடவில்லை. கல்லுக்கு முன்னால் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வில்லை முடித்தாள், வாத்தியத்தின் வயிற்றை முடித்தாள், இடக்கைக்கு வந்ததும் நின்றுவிட்டாள். அந்த விரல்கள் தந்தியை மேலிருந்து அழுத்தவில்லை. மடங்கி, பக்கவாட்டில், நகம் மட்டும் தந்தியைத் தொடுகிற மாதிரி இருந்தன.

“மேடம், இந்தக் கை சரியா இல்லையே?”

காப்பாட்சியர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். “கல்லு தேஞ்சிருக்குமோ? இல்ல, சிற்பிக்கு வாசிக்கத் தெரியாம இருக்குமோ? எனக்கும் புரியல.” கொஞ்ச நேரம் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே யோசித்தார். “ஒண்ணு பண்ணலாம். கண்காட்சிக்கு எப்படியும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு வைக்கணும்னு நெனச்சேன். வாசிக்கற மாதிரியே செஞ்சு பாத்துடுவோம். கை என்ன சொல்லுதுன்னு அப்ப தெரியும்.”

சித்தியின் வரைபடத்தை வைத்துக்கொண்டு அருங்காட்சியகத் தச்சர் வேலையைத் தொடங்கினார். கண்ணாடிப் பெட்டிகளுக்குச் சட்டம் அடித்து அடித்துச் சலித்துப் போயிருந்த மனிதர், கல்யாண வேலை கிடைத்தது போல ஓடியாடிச் செய்தார். ஒரே கட்டையைக் குடைந்து உடம்பு, மேலே மெல்லிய பலகை, ஆட்டுக்குடலைத் திரித்த நரம்பு, தலையில் முறுக்காணிகள். தந்திகளை உடம்பில் படாமல் தூக்கி நிறுத்தும் சின்ன மரத்துண்டு ஒன்று உண்டு. அதற்கு இரண்டு கால்கள் இருக்கும், பெயரும் குதிரைதான். அந்தக் குதிரையையும் செதுக்கி முடித்துவிட்டு, “இந்தக் குதிரை ரெடி. வில்லுக்கு முடி வேணும். அதுக்கு நெஜக் குதிரையைத்தான் கேக்கணும்” என்றார்.

கேட்கப் போனவள் சித்தி.

எங்கள் வீடு இருந்த தெரு முடிகிற இடத்தில் புறநகர்ச் சாலை வரும். அந்தச் சாலையோரம் குதிரையேற்றம் கற்றுத்தருகிற பள்ளி ஒன்று இருந்தது. பின்பக்கம் நீளமான லாயம். குதிரைகளைப் பராமரிக்கிறவர் ஒரு வெள்ளைக் குதிரையின் குளம்பை மடியில் வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். நெட்டையான ஆள், சித்தியைவிட ஓரிரண்டு வயது கூட இருக்கும், தொப்பியில் வைக்கோல்.

“அண்ணே, கொஞ்சம் வால்முடி வேணும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “யாரோடது?”

“குதிரையோடதுதான்.”

“அது தெரியுதுங்க. எந்தக் குதிரையோடது? அதுங்களுக்கும் பேரு இருக்குல்ல.”

சித்தி சுற்றும் முற்றும் பார்த்து, கருத்த வாலோடு நின்ற ஒரு குதிரையைக் காட்டினாள். அவர் தலையாட்டினார். “அது வேணாம். அது பொண்ணு.”

“பொண்ணா இருந்தா என்ன?”

“அது வந்து... பொண்ணுங்க வாலு... அதாவது, ஒண்ணுக்குப் போறப்ப வாலு நனையும். ஆம்பளைக்கு அந்தக் கஷ்டம் இல்ல. முடி சுத்தமா இருக்கும்.” சொல்லி முடிப்பதற்குள் அவர் காதுவரை சிவந்துவிட்டார். சித்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவரும் குளம்பைக் கீழே விட்டுவிட்டுச் சிரித்தார்.

வெள்ளைக் குதிரைக்கு லாயத்தில் ‘மாப்பிள்ளை’ என்று பெயர். கழுத்தைத் தூக்கிக்கொண்டு, யாரையும் சட்டை செய்யாமல் நடப்பதால் வந்த பெயர். அதன் வால் தரையைத் தொடும் அளவு நீளம். ஆனால் வெட்டித் தர அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

“வால வெட்டிட்டா அது எதை வெச்சு ஈ ஓட்டும்? நீங்க வந்து விசிறுவீங்களா? சீவும்போது உதிர்றதைச் சேத்து வெக்கிறேன். அப்பப்ப வந்து வாங்கிக்கங்க. ஆனா ஒரு கண்டிஷன். அதோட முடியில என்ன சத்தம் வருதுன்னு அதுக்கும் ஒரு நாள் காட்டணும்.”

அன்றிலிருந்து சித்தி மாலையில் வீடு திரும்ப நேரமானது. எங்கே போகிறாய் என்று அம்மா கேட்டதற்கு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, “மாப்பிள்ளையைப் பாக்க” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் திரும்பி வரும்வரை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள்.

“எப்படி இருக்காரு?”

“வெள்ளையா, ஒசரமா, கம்பீரமா.”

“குடும்பம்?”

“பக்கத்துப் பக்கத்துலதான் எல்லாரும் இருக்காங்க. இன்னைக்கு என் கையில இருந்த கேரட்டைப் பிடுங்கித் தின்னுட்டான்.”

அம்மா சந்தேகத்தோடு பார்த்தாள். உண்மை தெரிந்ததும் சித்தியோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே ஒரு பை கேரட் வாங்கி வந்தாள்.

முடி சேர்ந்தது. தச்சர் அதைக் கழுவி, சீவி, வில்லில் இழுத்துக் கட்டினார். சித்தி தந்தியின்மேல் வைத்து இழுத்தாள். பேச்சு மூச்சு இல்லை. முடி வழுக்கிக்கொண்டு போனது. காப்பாட்சியர் தன் கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே பைன் மரப் பிசின், பனங்கற்கண்டு போலக் கட்டியாக இருந்தது. “இதைத் தேச்சாத்தான் முடி தந்தியைப் பிடிக்கும். பிடிச்சு விட்டு, பிடிச்சு விட்டு, அப்படித்தான் சத்தமே வரும்.” தேய்த்துவிட்டு மறுபடி இழுத்தாள். வந்த சத்தத்தில் வாசல் காவலாளி தடியோடு உள்ளே ஓடிவந்தார். “எந்தப் பெட்டிக்குள்ள மேடம்? பூனை எந்தப் பெட்டிக்குள்ள மாட்டிக்கிச்சு?”

மூவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் சித்திக்குச் சிரிப்புக்கு நடுவே உடம்பு சிலிர்த்ததாம். பூனையோ நாயோ, அந்தக் கல்லில் இருப்பவனின் வாத்தியத்திலிருந்து ஏதோ ஒன்று வந்துவிட்டதே!

அந்த வாத்தியத்தை வாசிக்கக் கற்றுக்கொள்ள யாராவது வேண்டும். தச்சருக்கு விரல் தடிமன், காப்பாட்சியருக்கு நேரமில்லை. “நீதான் அந்தக் கையை அங்குலம் அங்குலமாப் பாத்தவ” என்று பொறுப்பு சித்தி தலையில் விழுந்தது. தனக்குக் காது கிடையாது என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

வீட்டில் வாசித்தாள். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணெய்க் குப்பியோடு வந்து, “உங்க கதவுக் கீலுக்கு நான் வேணா போட்டு விடட்டுமா?” என்று பணிவாகக் கேட்டார். அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் முகம் சுளித்தார்கள். மிச்சமிருந்த இடம் லாயம்தான். அங்கேதான் ஏற்கெனவே ஒரு வாக்குறுதியும் இருந்தது.

தினமும் மாலையில் மாப்பிள்ளையின் அறைக்கு முன்னால் ஒரு வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து, வாத்தியத்தைத் தொடையில் நிறுத்தி வாசிப்பாள். குதிரைக்காரர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே குதிரையின் காதையும் பார்ப்பார்.

“இப்ப காதைப் பின்னால மடிச்சிடுச்சு. பிடிக்கல.”

“இப்ப?”

“ஒரு காது மட்டும் திரும்புது. யோசிக்குது.”

“இப்ப?”

“தூங்கிடுச்சுங்க.”

பாட்டு டீச்சர் சொன்னதை அவள் அவரிடம்தான் முதல்முதலாகத் தன் வாயால் சொன்னாள். அவர் லாயத்தைச் சுற்றிக் கையைக் காட்டி, “காது இல்லன்னா என்னங்க, இங்க எட்டு குதிரை இருக்கு. பதினாறு காது. வேணுங்கறத எடுத்துக்கங்க” என்றார். சித்தி எங்களிடம் இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் அம்மா அந்த நொடியில் அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்ததை நான் பார்த்தேன்.

எவ்வளவு பழகியும் ஒரு சங்கடம் தீரவில்லை. இந்த வாத்தியத்தில் தந்திகள் பலகைக்கு மேலே நல்ல உயரத்தில் நிற்கின்றன. விரலால் கீழே அழுத்தினால் தந்தி பலகையைத் தொடவே தொடாது. சத்தம் மூக்கடைத்தது போல வரும், ஸ்வரம் ஒரு இடத்தில் நிற்காது. அழுத்தி அழுத்தி சித்தியின் விரல் நுனிகளில் கொப்புளம். ஒரு மாலை வலி தாங்காமல், விரலை மடக்கி, நகத்தைத் தந்தியின் பக்கவாட்டில் லேசாகச் சாய்த்து வில்லை இழுத்தாள்.

சத்தம் வேறு மாதிரி வந்தது. சுத்தமாக, நீளமாக, யாரோ தூரத்திலிருந்து கூப்பிடுவது போல. நகத்தை நகர்த்தினாள், சத்தமும் வழுக்கிக்கொண்டு கூடவே நகர்ந்தது.

குதிரைக்காரர் சீப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றார். “ரெண்டு காதும் முன்னால வந்துடுச்சு” என்றார் மெதுவாக. “அங்க பாருங்க. எல்லா குதிரையும்.”

வரிசையாக இருந்த அறைக் கதவுகளுக்கு மேலே குதிரைத் தலைகள் நீண்டிருந்தன. சித்தி தன் இடக்கையைப் பார்த்தாள். மடங்கிய விரல், பக்கவாட்டில் நகம். புள்ளி புள்ளியாக அவளே வரைந்த கை.

“மேடம், கல்லு தேயல! சிற்பிக்கும் தெரிஞ்சிருக்கு!” என்று போனில் அவள் கத்திய கத்தலில் காப்பாட்சியர் அடுத்த அரை மணியில் லாயத்துக்கே வந்துவிட்டார், பட்டுப்புடவையோடு. ஏதோ விருந்துக்குக் கிளம்பியிருந்தவர். சித்தி வாசித்துக் காட்டியதும் வைக்கோலில் பொத்தென்று உட்கார்ந்து நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“வடக்க சாரங்கி வாசிக்கறவங்க நகக்கண்ணாலதான் வாசிப்பாங்க. இன்னும் எத்தனையோ ஊருல இந்தப் பழக்கம் இருக்கு. எல்லாம் படிச்சிருக்கேன் புள்ளி. ஆனா நம்ம கல்லுல அது இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல பாரேன்! உலகத்துக்குப் பழசு, நமக்குப் புதுசு.” அன்று அவர் விருந்துக்குப் போகவில்லை. அந்தப் பட்டுப்புடவையில் வைக்கோல் ஒட்டியிருக்க, சித்தியிடமிருந்து வாத்தியத்தை வாங்கித் தானும் இழுத்துப் பார்த்தார். குதிரைகள் எல்லாம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டன.

அதன் பிறகு சித்தி இடக்கை நகங்களைப் பொன்போலக் காத்தாள். பாத்திரம் கழுவுவதிலிருந்து அம்மா அவளுக்கு விடுதலை கொடுத்துவிட்டு, “நகத்தைச் சாக்கு வெச்சே காலத்தை ஓட்டிடுவா” என்று முணுமுணுத்தாள். வாசிப்பு மட்டுமல்ல, மாப்பிள்ளையைக் காலையில் சாலையோரம் நடக்கக் கூட்டிப்போகும் வேலையும் சித்தியிடம் வந்திருந்தது. லகானைப் பிடித்துக்கொண்டு எங்கள் தெருமுனை வரைகூட வந்து போவாள்.

அதனால் வந்ததுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூத்து.

கண்காட்சிக்குச் சில நாள்களே இருந்தன. சித்தி வாத்தியத்தை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தாள். துடைக்கும்போது கை தவறி, தந்திகளைத் தாங்கும் அந்த மரத்துண்டு சரிந்து தரையில் விழுந்து உடைந்தது. தச்சர் ஊரில் இல்லை. குதிரைக்காரர் கத்தியும் கட்டையும் கிடைத்தால் எதையாவது செதுக்கிக்கொண்டே இருப்பவர். சித்தி பதறிப்போய் அவருக்கு போன் செய்தாள்.

“குதிரை விழுந்துடுச்சுங்க! ஒரு கால் ஒடிஞ்சே போச்சு. வீட்டுலதான் இருக்கேன், சீக்கிரம் வாங்க!”

அவர் வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே, லாயத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் கிளம்பியிருக்கிறார். மோட்டார் சைக்கிளை வாசலில் சாய்த்துக்கூட நிறுத்தவில்லை, அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். ஒரு தோளில் கட்டுத்துணிச் சுருள், கக்கத்தில் கால் ஒடிந்தால் வைத்துக் கட்டும் மரப்பட்டைகள், சட்டைப் பையில் ஊசி மருந்து. அம்மா அதுவரை அவரைப் பார்த்ததில்லை. கதவைத் திறந்தவளிடம் மூச்சு வாங்க ஒரே கேள்விதான் கேட்டார்.

“மாப்பிள்ளை எங்கங்க?”

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “அதைத்தான் தம்பி நாங்களும் ரொம்ப வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கோம்.”

உள்ளே மேசைமேல் விரல் நீளத்துக்கு ஒரு மரத்துண்டு கிடந்தது. ஒரு கால் தனியாக. சித்தி அதைச் சுட்டிக்காட்டி, “இதான்” என்றாள். அவர் அந்தத் துண்டைப் பார்த்தார், தன் கக்கத்திலிருந்த பட்டைகளைப் பார்த்தார், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் ஒரு பெருமூச்சு வந்தது. பிறகு சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்பா டிவியை அணைத்துவிட்டு வந்து என்ன விஷயம் என்று கேட்டு, அவரும் சேர்ந்துகொண்டார்.

சிரித்து ஓய்ந்ததும் அவர் கத்தியை எடுத்தார். கொண்டுவந்த மரப்பட்டைகளில் ஒன்றை வெட்டி, சித்தியின் வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே புதிய குதிரையைச் செதுக்கினார். சித்தி எதிரே உட்கார்ந்து, “இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம், போதும் போதும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். அன்றைக்கு அவர் டீயில் சர்க்கரை ஒரு கரண்டி கூடுதல்.

அவர் போன பிறகு அம்மா மெதுவாகக் கேட்டாள். “ஏன்டி, இவரை நீ என்னன்னு கூப்பிடற?”

“முதல் நாள் அண்ணேன்னு கூப்பிட்டேன்.”

“அடிப்பாவி! அப்புறம்?”

“அப்புறம் கூப்பிடல.”

“அதான பாத்தேன்” என்று அம்மா வேறு எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். உள்ளேயிருந்து பாத்திரங்கள் உருளும் சத்தம்கூட அன்று பாட்டுப் போல இருந்தது.

கண்காட்சித் திறப்பு நாளுக்கு வெளியூரிலிருந்து பழைய வாத்தியங்களை ஆராயும் பேராசிரியர் ஒருவர் வந்தார். சித்தி அவர் முன்னால் வாசிக்க வேண்டும். முந்தின நாள் ஒத்திகையில் பத்துப் பேர் சுற்றி நின்றதற்கே அவள் வில்லைப் பிடித்த கை வெடவெடவென்று நடுங்கியது. தந்தியில் வில் துள்ளித் துள்ளிக் குதித்தது. வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“என்னால முடியாது மேடம். மனுஷங்க மூஞ்சியைப் பாத்தா எனக்கு ஒண்ணும் தெரியல. லாயத்துல காதைப் பாத்துத்தான் வாசிப்பேன்.”

காப்பாட்சியர் கண்ணில் குறும்பு மின்னியது. “முற்றத்துல வெச்சுக்கலாம். சரக்கு லாரி வர்ற கேட்டு இருக்கில்ல? அதைத் திறக்கச் சொல்றேன்.”

இப்படித்தான் மாப்பிள்ளை அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தான். பிடரியைச் சீவி, குளம்பில் எண்ணெய் பூசி, கழுத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். குதிரைக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் அவனுக்கும் சேர்த்து வெட்கத்தோடு கூட நடந்தார். பெரிய கேட்டைத் திறந்துவிட்ட காவலாளி, “இதுக்கு டிக்கெட் போடணுமா மேடம்?” என்று கேட்டார். முற்றம் முழுக்கக் கூட்டம். பின்வரிசையில் அம்மா, அப்பா, நான், எண்ணெய்க் குப்பிப் பக்கத்து வீட்டுக்காரர்.

சித்தி கல் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரையும் பார்க்கவில்லை. எதிரே நின்ற வெள்ளைக் குதிரையை மட்டும் பார்த்து வில்லை வைத்தாள். ஒரு தந்தி விடாமல் நின்று ஒலிக்க, அதன்மேல் இன்னொரு தந்தியில் நகம் ஏறி இறங்கியது. எந்தப் பாட்டும் இல்லை, லாயத்தில் மாலை நேரங்களில் அவள் கையே கண்டுபிடித்துக்கொண்ட ஏதோ ஒன்று. எங்கள் வீட்டில் கதவுக் கீலாக இருந்தது, அந்த முற்றத்தில் ஒரு குரலாக இருந்தது. மாப்பிள்ளை இரண்டு காதையும் முன்னால் நீட்டி அசையாமல் நின்றான். அம்மா என் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடவே இல்லை.

முடிந்ததும் யாருக்கும் உடனே கைதட்டத் தோன்றவில்லை. அந்த அமைதியில் மாப்பிள்ளை இரண்டு எட்டு முன்னால் வந்து, பேராசிரியர் கையிலிருந்த பூங்கொத்தை நிதானமாகக் கடித்து மென்றான். அதற்குப் பிறகு எழுந்த கைதட்டல் யாருக்கு என்று இன்றுவரை எங்கள் வீட்டில் சண்டை.

பேராசிரியர் மிச்சமிருந்த காம்பைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். “அந்தக் காலத்துல இப்படித்தான் கேட்டிருக்கும்னு யாராலயும் சத்தியம் பண்ண முடியாது. நானும் பண்ண மாட்டேன். ஆனா இந்தக் கல்லுல இருக்கற கை இப்படித்தான் வேலை செஞ்சிருக்கணும்னு இனிமே நான் போற இடமெல்லாம் சொல்வேன். குதிரையைக் கூட்டிக்கிட்டுப் போக மாட்டேன், அவ்வளவுதான்.”

கூட்டம் கலைந்த பிறகு சித்தியும் குதிரைக்காரரும் மாப்பிள்ளையை நடத்தியே லாயத்துக்குக் கூட்டிப் போனார்கள். வழியில் நடந்த பேச்சைச் சித்தி அம்மாவிடம் மட்டும் சொன்னாள். அம்மா எல்லோரிடமும் சொன்னாள்.

“கண்காட்சி தொறந்தாச்சு. இனிமே லாயத்துப் பக்கம் வர மாட்டீங்கல்ல?”

“ஏன் வரக்கூடாது?”

“இல்ல, தினமும் வாசிச்சா நல்லா இருக்கும். மாப்பிள்ளைக்குப் பழகிடுச்சு.”

“மாப்பிள்ளைக்கு மட்டுமா?”

அவர் லகானை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாராம். மறுபடி மாற்றினாராம். “எனக்கும்தான்” என்றாராம்.

அடுத்த மாதமே பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். தச்சரும் காப்பாட்சியரும் சாட்சி. சித்தப்பா என்று நான் முதல்முதலாகக் கூப்பிட்டபோது அவர் திரும்பி, வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துப் பின்னால் பார்த்தார்.

இப்போது சித்திக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பேராசிரியர் போகிற இடத்திலெல்லாம் சொன்னதன் பலன், எங்கே வில் வாத்தியச் சிற்பம் கிடைத்தாலும் வரைவதற்கு இவளைக் கூப்பிடுகிறார்கள். சித்தப்பாவும் விடுமுறை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பிவிடுகிறார். ஏணி பிடிப்பது, குடை பிடிப்பது, எட்டாத தூணாக இருந்தால் தோள் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

போன வாரம் ஒரு மலையூரிலிருந்து போன் வந்தது. மழையின் சத்தத்துக்கு மேலே சித்தி கத்திக்கொண்டிருந்தாள்.

“இங்க ஒருத்தி இருக்காடி, தூண் மேல! வில்லை உள்ளங்கை மேல பாக்கற மாதிரி, அடியில இருந்து பிடிச்சிருக்கா! நான் இதுவரைக்கும் அப்படி வாசிச்சதே இல்ல. டீக்கடையில உக்காந்து பழகிக்கிட்டு இருக்கேன்.”

“வாத்தியத்தை நனைச்சிடாத சித்தி.”

“வாத்தியத்தை எவ கொண்டு வந்தா? வில்லுக்குப் பதிலா ஒரு கரண்டி. வாத்தியம் உங்க சித்தப்பா கை!”

பின்னால் சித்தப்பா ஏதோ முனகினார், கூச்சமாக இருக்கிறதாம், கடையில் எல்லோரும் பார்க்கிறார்களாம். கடைக்காரர் யாரிடமோ, “கலைஞருங்கப்பா, தொந்தரவு பண்ணாதீங்க” என்று சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அம்மா என்னிடமிருந்து போனைப் பிடுங்கினாள்.

“எப்படி ஊருக்கு வரப்போற?”

“பஸ் இப்பத்தான் போச்சுக்கா. விட்டுட்டோம்.”

“அடுத்த பஸ்?”

“அதையும் விட்டுடுவோம்னு நெனைக்கிறேன்” என்றாள் சித்தி. பிறகு மழையும் அவர்கள் இருவருடைய சிரிப்பும்தான் கேட்டுக்கொண்டிருந்தன.